கரை மாறிய வாக்குவாதம்

நாவல்குளம் நாட்டு ராஜா சொக்கேந்திரருக்குப் பகைவர்களால் ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் கைப்பேசியால்தான்.

அரசாங்கக் காரியம் சட்டென்று நடக்கட்டுமே என்று அவரே ஆசை ஆசையாய் 'அரசவை' என்று ஒரு குரூப் ஆரம்பித்தார். மந்திரி, தளபதி, அதிகாரிகள் என்று நாற்பது பேர். முதல் வாரம் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் வந்தது வினை.

கடலுக்கு அப்பால் மகரம், சிம்மம் என்று இரண்டு பேரரசுகள். எதற்கோ மோதிக்கொண்டன. "நியாயம் மகரத்தின் பக்கம்" என்று தளபதி வேல்மறவர் ஒரு வரி போட்டார். "அநியாயத்துக்கு இன்னொரு பெயர்தான் மகரம்" என்று மந்திரி நீதிமாணிக்கம் பதில் போட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

அந்தப் பேரரசுகளே சித்திரையில் சமாதானமாகிவிட்டன. குரூப்பில் மட்டும் எட்டாவது மாதமாகப் போர். படையிலிருந்து கப்பலுக்குப் போனார்கள். கப்பலிலிருந்து கருவாட்டுக்கு. கருவாட்டிலிருந்து யார் வீட்டுக் குழம்பு ருசி என்பதற்கு. அப்புறம் மாமியார், மச்சினன், துணி துவைப்பது யார், பிள்ளையைத் தூங்கவைப்பது யார்...

இந்த லட்சணத்தில் பெரிய ஏரியின் கரையில் விரிசல் விட்டது. மழைக்குப் பத்தே நாள். கரைக்குக் கீழே முந்நூறு வீடு. "உடனே அடைக்கவும்" என்று ராஜா குரூப்பில் போட்டார். ஆணை எழுத வேண்டியவர் மந்திரி; ஆள் அனுப்ப வேண்டியவர் தளபதி. ராஜாவின் வரிக்குக் கீழே நூற்றெழுபது பதில்கள் வந்து விழுந்தன. அத்தனையும் ரசத்துக்குப் பெருங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி.

ராஜா அவை விகடகவி சாத்தப்பனைக் கூப்பிட்டார்.

"சாத்தப்பா, நாளை உச்சிப்பொழுதுக்குள் இந்த வாக்குவாதம் முடிய வேண்டும்."

"தாங்கள் ஒரு உத்தரவு போட்டால் முடிந்தது, மகாராஜா!"

"போட்டேனே! அந்த உத்தரவு செல்லுமா செல்லாதா என்று இரண்டு நாள் வாதாடினார்கள்."

"இருவரையும் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டால்?"

"தளபதி கோபித்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விடுவார். மந்திரி பதவி விலகல் கடிதம் எழுதுவார், அதுவும் நாற்பது பக்கம். யாரையும் நீக்கக் கூடாது. குரூப்பையும் கலைக்கக் கூடாது. உன்னால் முடியாவிட்டால்..."

"தலையை வாங்கிவிடுவீர்களா?"

"அது எதற்கு? ஆயுள் முழுக்க அந்தக் குரூப்புக்கு நீதான் அட்மின்."

 தலை போவதே தேவலை என்று சாத்தப்பனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தான். கதவைத் தாழிட்டுக்கொண்டு, எட்டு மாதத்துச் சண்டையை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தான். மாசி முடிந்தது, பங்குனி முடிந்தது. கண் எரிந்தது, கட்டைவிரல் வீங்கியது. ஆனி மாதத்துக்கு வந்தபோது திடுக்கிட்டு நிமிர்ந்தான். அதே இடத்தை இன்னொரு தரம் படித்தான். வாய்விட்டுச் சிரித்தான். ஆடியையும் தாண்டிப் படித்து முடித்து, இரண்டே வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டான்.

மறுநாள் சபை கூடியது.

"தளபதியாரே, மந்திரியாரே! குரூப்பில் வந்ததில் இரண்டு வரி படிக்கிறேன். சரியா தவறா என்று மட்டும் தாங்கள் சொன்னால் போதும்" என்றான் சாத்தப்பன். "முதல் வரி: 'மகரத்தை நம்புகிறவன் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவன்.'"

தளபதி துள்ளி எழுந்தார். "சுத்த அபத்தம்! இதை எழுதியவனுக்கு உலகமும் தெரியாது, ஒன்றும் தெரியாது!"

"எழுதியது தாங்கள்தான். ஆனி ஏழாம் தேதி. 'மகரத்திலும் நாலு நல்லவர்கள் இருக்கலாம்' என்று மந்திரியார் சொன்னார். அவர் சொல்லி நாம் ஒப்புவதா என்று உடனே இந்த வரியைப் போட்டீர்கள்."

மந்திரி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இரண்டாவது வரி: 'அடுப்படிக்குள் போகிற ஆண்பிள்ளைக்கு அரசியல் பேச அருகதை இல்லை.'"

மந்திரியின் சிரிப்பு நின்றது. "என்ன அக்கிரமம்! என் வீட்டில் தினமும் சட்னி அரைப்பதே நான்தான். எழுதியவன் மூளையை எலி தின்றுவிட்டதா?"

"எலியைத் தாங்கள்தான் கேட்க வேண்டும். ஆடி பதினெட்டு. வீட்டில் மீன் கழுவுவது தாம்தான் என்று தளபதியார் சொன்ன மறுநிமிடம் எழுதினீர்கள்."



"ஒருவர் பேச்சை ஒருவர் மறுத்து மறுத்து, இந்தக் கரையில் இருந்தவர் அந்தக் கரைக்கும், அந்தக் கரையில் இருந்தவர் இந்தக் கரைக்கும் போய்விட்டீர்கள். ஆனியிலிருந்து தளபதியார் சிம்மத்தின் ஆள். மந்திரியார் மகரத்தின் ஆள்."

"அப்படியானால் ஜெயித்தது யார்?" என்றார் தளபதி.

"இருவருமேதான்! அவர் தங்களை மாற்றிவிட்டார், தாங்கள் அவரை மாற்றிவிட்டீர்கள். இனி வாதாட என்ன மிச்சம்?"

தளபதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மந்திரியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மந்திரி கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு, "கரை என்றதும் ஞாபகம் வருகிறது... அந்த ஏரிக்கரை..." என்று முனகினார்.

அன்று மதியமே ஆணை பறந்தது. ஐந்நூறு வீரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நாலாம் நாள் விரிசல் இருந்த இடம் தெரியவில்லை. வேலையைப் பார்க்க ராஜா சாத்தப்பனோடு வந்தபோது, மந்திரியும் தளபதியும் மண்கூடையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மெய்யாகவே மீனை நீங்களேதான் கழுவுவீர்களா?" என்று மந்திரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆமாம். நீங்கள் சட்னி?"

"தினமும்."

இருவரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். ராஜாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"இன்றைக்குச் சரி, சாத்தப்பா. நாளைக்கே மறுபடி ஆரம்பித்துவிட்டால்?"

"ஆரம்பிக்க மாட்டார்கள், மகாராஜா. வாயைத் திறப்பதற்கு முன்னால் தாம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாமா? அதற்கு அந்த எட்டு மாதத்தையும் முதலிலிருந்து படித்தாக வேண்டுமே!"

ராஜா சிரித்த சிரிப்பில் ஏரியில் மேய்ந்த நாரைகள் எழுந்து பறந்தன. சிரித்து முடிக்குமுன்பே கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டுவிட்டார்.