பறிக்காத இலையில் ஒரு தையல்

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் பூச்சியும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஊசிமூக்கி என்ற சின்னஞ்சிறு குருவி இருந்தாள். கட்டைவிரல் அளவு உடம்பு. முள்ளைப் போல மெல்லிய அலகு. மற்றக் குருவிகளைப் போல அவளும் அவள் புருஷனும் புல்லும் நாரும் வைத்துத்தான் கூடு கட்டியிருந்தார்கள். ஆனால் இரை தேடி முடித்த பிறகு மற்றவர்கள் வெயில் காய உட்கார்ந்தால், இவள் தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

உதிர்ந்த இலை, கீழே விழுந்த இறகு, முள்ளில் சிக்கிக் கிடக்கும் பஞ்சு, எது கண்ணில் பட்டாலும் எடுத்து வருவாள். சிலந்தியிடம் நூல் கேட்டு வாங்கி, அலகால் துளை போட்டு, ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பாள். கிளி இறகின் பச்சைக்குப் பக்கத்தில் மீன்கொத்தியின் நீலம். அதை ஒட்டிப் பழுத்த இலையின் சிவப்பு. தைத்து முடித்த போர்வையைக் கிளையில் விரித்துப் போட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள்.

"நம்ம கூட்டுல நாம நிக்கவே இடமில்ல. இதை எங்க கொண்டுபோய் வைக்கப்போற?" என்பான் புருஷன்.

"வைக்கிறதுக்கா தைச்சேன்? தைக்கப் புடிச்சிருக்கு, தைச்சேன்" என்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கீழே புல்லுக்குள் குடியிருந்த காடை, தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அடக்கிப் பார்த்தாள். சிறகும் நனைந்திருந்ததால் குஞ்சுகளின் நடுக்கம் நிற்கவில்லை. ஊசிமூக்கி அதைப் பார்த்தாள். பறந்து போய்த் தன் போர்வைகளில் பெரியதை இழுத்து வந்து குஞ்சுகள் மேல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கீச்சுக் கீச்சென்ற சத்தம் அடங்கியது. தூங்கிவிட்டன.

"இதை நான் எப்போ திருப்பித் தரணும், தங்கச்சி?" என்று கேட்டாள் காடை.

"போர்த்திக்கிட்டு இரு அக்கா. நான் வேற தைச்சுக்கிறேன்."

மறுநாள் அணில் வந்தாள், மயிர்கூட முளைக்காத குட்டிகளுக்காக. பிறகு எலி வந்தாள். ஊசிமூக்கி யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. போர்வைகள் தீர்ந்ததும் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள்.

அந்தக் காட்டை ஆண்டு வந்தவன் ராசாளி என்ற வேட்டைப்பறவை. மலைப்பாறையில் மழை புகாத பெரிய குகை ஒன்று அவனுக்கு இருந்தது. குளிர் தாங்காதவர்கள் அங்கே ஒதுங்கலாம், ஆனால் சும்மா இல்லை. ஒரு முட்டையோ ஒரு குஞ்சோ கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வருஷா வருஷம் மழைக்காலம் அவனுக்கு விருந்துக்காலம். அந்த வருஷம் குகை வாசலில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. ஏன் என்று விசாரித்து, ஊசிமூக்கியை இழுத்து வரச் சொன்னான். அவனுடைய காவலாட்களான வல்லூறுகள் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"நீதானா அந்தத் தையல்காரி? இதுல உனக்கு என்ன கிடைக்குது?"

"ஒண்ணும் இல்லை."

"பொய் சொல்லாதே. ஒண்ணும் கிடைக்காம எவளாவது உழைப்பாளா?"

"எனக்குத் தைக்கப் புடிக்கும். போர்த்திக்கிறவங்களுக்குக் கதகதப்பா இருக்கு. இதுக்கு மேல என்ன கிடைக்கணும்?"

ராசாளி அவளை வெகுநேரம் முறைத்துப் பார்த்தான். பயத்தால் செய்கிறவர்களை அவனுக்குத் தெரியும், பசியால் செய்கிறவர்களையும் தெரியும். இவளை எதைச் சொல்லி மடக்குவது என்று அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் காடெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"இன்னிலேருந்து இந்த மண்ணுல விழுற இலை, இறகு, பஞ்சு எல்லாம் என்னோடது. விழுந்ததை எடுத்தா குத்தம். மரத்துல இருக்கிறதைப் பறிச்சாலும் குத்தம். இது எல்லாருக்கும் பொதுச் சட்டம். போ, இனிமே நீ எதை வெச்சுத் தைக்கிறேன்னு பார்க்கிறேன்."

அன்று சாயங்காலமே வல்லூறுகள் பொந்து பொந்தாக, புதர் புதராகப் போய்ப் போர்வைகளை உருவிக் கிழித்துப் போட்டார்கள். மழை மட்டும் நிற்கவில்லை. விடிந்தபோது காடையின் குஞ்சுகளில் ஒன்று விறைத்துக் கிடந்தது.

ஊசிமூக்கி வந்தபோது காடை அழவில்லை. செத்த குஞ்சை அலகால் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குகைக்குப் போகப்போறேன், தங்கச்சி. இருக்கிறதையாவது காப்பாத்தணும். ஒண்ணைக் கொடுத்தா மத்தது பிழைக்கும்."

"எதைக் கொடுப்பே?"

காடை தன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு பொழுது பொறு அக்கா. போகாதே" என்று சொல்லிவிட்டு ஊசிமூக்கி கூட்டுக்குப் பறந்தாள்.

புருஷன் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தான். "வா, வேற காட்டுக்குப் போயிடலாம். இங்க இருந்தா அவன் நம்மளையும் விடமாட்டான்."

"அங்கயும் ஒரு ராசாளி இருப்பான். நீங்க வேணா போங்க. நான் தைக்கப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? எதை வெச்சுத் தைப்பே? விழுந்ததைத் தொட்டா குத்தம், பறிச்சா குத்தம்."

"அப்போ விழாததைத் தைக்கிறேன், பறிக்காததைத் தைக்கிறேன்!" என்று கோபத்தில் கத்தினாள். கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். முட்புதருக்குள், ஒரு முழ உயரத்துக்கு, காட்டத்திக் கன்று ஒன்று அகல இலைகளோடு நின்றது.

அதனிடம் போனாள். "உன் இலையை உன் காம்புலயே விட்டுட்டுத் தைக்கணும். காடையோட குஞ்சுகளுக்கு. தைக்கட்டுமா?"

"வலிக்குமா?" என்று கேட்டது கன்று.

"வலிக்கும்."

"விடிகாலையில அந்தக் குஞ்சு கத்தினதை நானும் கேட்டேன். தை" என்றது.

ஊசிமூக்கி இலையின் ஓரத்தில் முதல் துளை போட்டாள். பால் துளிர்த்தது. கன்று நடுங்கியது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. சிலந்தி இறங்கி வந்தாள். "என் நூல் மண்ணுல விழுந்ததும் இல்ல, மரத்துல பறிச்சதும் இல்ல. என் வயித்துல இருந்து வருது. இதுக்கும் சட்டம் போடுவானா?" என்று கேட்டுக்கொண்டே நூலை இழுத்து இழுத்துக் கொடுத்தாள். இலையின் இரண்டு ஓரங்களும் மெல்ல நெருங்கி வந்து ஒரு பையாகச் சேர்ந்தன. மழை சற்று விட்டிருந்தது. எங்கிருந்தோ எருக்கம் பஞ்சு காற்றில் மிதந்து வந்தது. வேறு காட்டுக்குப் போகிறேன் என்ற புருஷன் போகவில்லை. பஞ்சு தரையைத் தொடுவதற்குள் பாய்ந்து பாய்ந்து பிடித்து வந்து பைக்குள் திணித்தான். அந்தப் பைக்குள் காடையின் குஞ்சுகளை விட்டார்கள். அவை ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டன.

பொழுது சாயும் நேரத்தில் வல்லூறுகள் வந்து தேடினார்கள். தைத்த இலை, பக்கத்து இலைகளைப் போலவே பச்சையாக, காம்பில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் வெறுங்கையோடு திரும்பியதும் ராசாளியே வந்து புதருக்கு மேல் வட்டமிட்டான்.

"காடை இன்னும் குகைக்கு வரல. குஞ்சுகளை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

ஊசிமூக்கி பேசாமல் இருந்திருந்தால் அவன் போயிருப்பான். அவளுக்குப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு புதரின் உச்சிக்கு ஏறி நின்றாள். அந்தக் கட்டைவிரல் உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"ஒளிக்கல! தைச்சு வெச்சிருக்கேன்! விழாத இலையில, பறிக்காத இலையில! நாளைக்கும் தைப்பேன்! தைப்பேன்! தைப்பேன்!"

ராசாளி சீறிக்கொண்டு இறங்கி, காலில் அகப்பட்ட இலையைப் பற்றினான். அது தைத்த இலை இல்லை.

"பறிக்கிறியா?" என்று கேட்டது காட்டத்திக் கன்று. "பறிச்சா குத்தம்னு நீதானே சொன்னே? எல்லாருக்கும் பொதுன்னு சொன்னே."

ராசாளி நிமிர்ந்து பார்த்தான். பொந்துகளிலிருந்து அணில்களும், வளைகளிலிருந்து எலிகளும், கிளைகளிலிருந்து குருவிகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று வரை அவனைக் கண்டால் தலையைக் குனிந்தவர்கள். இப்போது ஒருவரும் குனியவில்லை. அவன் கால் இலையை விட்டது. முள்ளில் சிக்கிய சிறகை உதறிக்கொண்டு மேலே பறந்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க ஊசிமூக்கி செடி செடியாகப் போய்த் தைத்தாள். அணிலுக்கு, எலிக்கு, ஒதுங்க இடமில்லாத எல்லோருக்கும். ஒரு குஞ்சுகூட அதன் பிறகு குகைக்குப் போகவில்லை. ராசாளி அந்தக் காட்டை விட்டு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான். காடை மட்டும் செத்த குஞ்சு கிடந்த இடத்தில் மறுபடி குடியிருக்கவில்லை.

ஊசிமூக்கியின் சந்ததியைத்தான் நாம் தையல்சிட்டு என்கிறோம். அன்று முதல்தான், தையல்சிட்டு இலையைப் பறிக்காமல் செடியிலேயே வைத்துத் தைக்கிறது. குயில் இனத்தில் எதுவாவது வந்து அந்தக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போனாலும், யாருடைய குஞ்சு என்று கேட்காமல் வளர்க்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் கத்துகிறது. நாமும் சத்தம் வரும் செடியை இலை இலையாகப் புரட்டிப் பார்க்கிறோம், கூடு மட்டும் கண்ணில் படுவதில்லை.