வண்டி கிளம்பிய பிறகு

குத்தாலிங்கத்துக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு பட்டப்பெயர் விழுந்தது. கத்தரி அண்ணாச்சி. வைத்தவர்கள் கூடப் படிக்கிற இளவட்டங்கள். அவர் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவசர அழைப்பை அவரைவிட வேகமாக முடிக்க அந்த வகுப்பில் ஆள் கிடையாது. எங்கே, என்ன, எத்தனை பேர் என்று கேட்பார். வண்டியை அனுப்புவார். "கிளம்பிட்டு, பதறாதீங்க" என்பார். சொன்ன கையோடு இணைப்பைக் கத்தரித்துவிடுவார்.

தீயணைப்பு நிலையத்தில் பழகிய பழக்கம் அது. பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் உட்கார்ந்தது போன் பக்கத்தில்தான். இப்போது போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் சேர்த்து நெல்லையில் ஒரே மையம் கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு திரை, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. கூப்பிடுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் நிற்கிற இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும். போகிற வண்டி பச்சைப் புள்ளியாக நகரும். குத்தாலிங்கம் இதையெல்லாம் பார்த்து மிரளவில்லை. சீக்கிரமே கற்றுக்கொண்டார். கற்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்.

ஒவ்வொரு பயிற்சி அழைப்பு முடிந்ததும் கணினியே மதிப்பெண் போடும். அவருக்கு வரிசையாகப் பச்சை விழும். கடைசி வரியில் மட்டும் சிவப்பு. உதவி வந்து சேரும் முன் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று சொல்லும். தினமும் இதே கதை. சொல்லிக்கொடுக்கிற நிலோஃபர் அதைப் பார்ப்பாள். "இன்னொரு தடவை, அண்ணாச்சி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

நிலோஃபருக்கு அவருடைய மகள் வயது. வெளியூரில் இதே வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு வந்தவள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் நாற்காலி நிலைக்கும். போடாவிட்டால் குத்தாலிங்கம் தீயணைப்புத் துறைக்கே திரும்ப வேண்டும். அங்கே அவருக்கென்று காத்திருந்தது ஸ்டோர் அறை. குழாய்ச் சுருளையும் ஹெல்மெட்டையும் எண்ணி அடுக்குகிற வேலை. போன் அடிக்காத ஒரு அறையில் ஓய்வு வரை உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் போகவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"வண்டி கிளம்பியாச்சு. டிரைவருக்கு வழி தெரியும். அதுக்கப்புறம் அந்த ஆள்கிட்டப் பேச என்ன இருக்கு?"

நிலோஃபர், பழைய நிலையத்தில் ஏன் அப்படி உடனே வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். குத்தாலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க ஒரே போன்தான் மேடம். நான் ஒருத்தன்கிட்டக் கதை பேசிக்கிட்டு இருந்தா, இன்னொருத்தன் வீடு எரியும். அவனுக்கு எங்கேஜ்டு சத்தம்தான் கேக்கும்."

"நீங்க செஞ்சது சரிதான் அண்ணாச்சி."

அவர் அடுத்து ஒரு 'ஆனா' வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மேல் மாடியில் தன் பை இருக்கிறது, எடுத்துவர முடியுமா, லிப்டிலேயே போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது.

குத்தாலிங்கம் சிரித்துக்கொண்டார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க எத்தனை முறை ஆள் அனுப்பியிருக்கிறார்! இது ஒன்றும் விழுந்துவிடாது, மூச்சும் முட்டாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாவகாசமாக அவசரப் பொத்தானை அழுத்தினார். வாசல் காவலாளி சுடலையின் குரல் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"லிப்ட்லதாம்ல."

"எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"ஆள் கிளம்பிட்டு, பதறாதீங்க."

டக்கென்று வைத்துவிட்டான்.

மின்விசிறி ஓடவில்லை. குத்தாலிங்கம் சுவரில் சாய்ந்து நின்றார். சட்டைப் பித்தானை ஒன்று கழற்றினார். ஆள் எங்கிருந்து வருகிறான்? கீழேயிருந்தா, மேலேயிருந்தா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். "கிளம்பிட்டு" என்றான் சுடலை. டக். மூன்றாம் முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே கதவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே சுடலை! இருக்கியா, செத்துட்டியா?"

கொஞ்ச நேரத்தில் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே இறங்கியது. கதவு திறந்தது. எதிரே நிலோஃபர் இரண்டு கண்ணாடி டம்ளரில் டீயோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் லிப்ட் சாவியோடு சுடலை, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம் இருக்கும்."

அவள் ஒரு டம்ளரை நீட்டினாள். அவர் உள்ளே போன பிறகுதான் அந்த டீயைச் சொல்லியிருக்கிறாள். இன்னும் ஆவி பறந்தது; அரை மணி நேரம் ஆகியிருக்க வழியில்லை.

"பயந்துட்டீங்களா?"

"எனக்கென்ன பயம்? ஆள் வருவான்னு தெரியுமே."

"அப்புறம் ஏன் கதவைத் தட்டுனீங்க?"

குத்தாலிங்கம் டீயைப் பாதி குடித்தார். சுடலையை முறைத்தார். வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் வாய் திறந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இவன் அந்தப் பக்கம் இருக்கானா, போயிட்டானான்னு தெரியலயே மேடம்."

நிலோஃபர் தலையாட்டினாள். டீ ஆறுகிறது என்றாள். பாடம் அவ்வளவுதான்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. மறுநாள் பயிற்சி அழைப்பில் அவர் இணைப்பை வெட்டவில்லை, ஆனால் வண்டியை அனுப்பிவிட்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். அழைப்பவர் வேடம் போட்ட பையன் "அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா, இல்ல தூங்கிட்டீங்களா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. வாழ்நாள் முழுக்கச் சுருக்கப் பேசிய மனுஷனுக்கு நீட்டிப் பேச எங்கிருந்து வரும்? அதோடு, திரையின் மேல் மூலையில் காத்திருக்கிற அழைப்புகளின் எண்ணிக்கை தெரியும். அது கூடும்போதெல்லாம் அவருடைய விரல் தானாகத் துண்டிக்கிற பொத்தானைத் தேடிப் போனது. சிவப்பு குறைந்தது, ஆனால் போகவில்லை.

கடைசி நாள் உண்மையான அழைப்புகள். நிலோஃபர் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்தாள். குத்தாலிங்கத்தின் முறை வந்தபோது மத்தியான வெயில் உச்சியில் இருந்தது. அவர் காதில் கருவியை மாட்டினார். மாட்டிய உடனே மணி அடித்தது.

"சார், கிணத்துல மண்ணு சரிஞ்சிட்டு. எங்க அண்ணன் உள்ள கெடக்கான்."

சிவப்புப் புள்ளி ஒரு வயல்வெளியில் விழுந்தது. சுற்றிலும் வீடு வாசல் ஒன்றும் இல்லை. தூர் வாரிக்கொண்டிருந்த இடத்தில் கரை சரிந்துவிட்டது, உள்ளே இருப்பவனுக்கு நெஞ்சு வரை மண், பேசுகிறான், மேலே தான் மட்டும்தான் என்று அந்தக் குரல் அழுதுகொண்டே சொன்னது. குத்தாலிங்கம் தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டார். இரண்டு பச்சைப் புள்ளிகள் நகரத் தொடங்கின.

"வண்டி கிளம்பிட்டு, பதறா..."

"நான் இறங்கித் தூக்குதேன் சார்."

 சரிந்த கிணற்றில் பாசத்தில் இறங்கியவர்களை அவருக்குத் தெரியும். முதலில் விழுந்தவனோடு அவர்களையும் சேர்த்துத்தான் மண் மூடும். திரை மூலையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. விரல் பொத்தான் மேல் இருந்தது. அப்போது ஒரு உள்ளங்கை வந்து திரையின் அந்த மூலையை மூடியது.

"அதை மத்தவங்க எடுப்பாங்க அண்ணாச்சி. இவருக்கு நீங்கதான்" என்றாள் நிலோஃபர்.

அவர் பார்வையை ஓட்டினார். வரிசை முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பட்டப்பெயர் வைத்த அதே பிள்ளைகள்தான். கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, உம் பேரு என்ன?"

"மாடசாமி."

"அண்ணன் பேரு?"

"செல்லையா."

"மாடசாமி, நீ இறங்குனா மேல இருக்க மண்ணு அவன் தலையிலதான் விழும். கரையை விட்டுத் தள்ளி உக்காரு. நான் எங்கயும் போகல. வண்டி வந்து நிக்குத வரைக்கும் உங்கூடவே பேசுதேன்."

மூச்சிரைப்பு கேட்டது. பிறகு மண்ணில் தொப்பென்று உட்காருகிற சத்தம்.

வண்டி எங்கே வருகிறது என்று மாடசாமி கேட்டான். பழைய நிலையத்தில் வண்டி வாசலைத் தாண்டினால் குத்தாலிங்கத்துக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இப்போது கண் முன்னால் நகர்கிறது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுகிறது, பஸ் நிறுத்தத்தில் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் ஒவ்வொன்றையும் கிணற்றுக்குள் கத்தினான். உள்ளிருந்து மெலிதாக ஏதோ பதில் வந்தது.

பிறகு பச்சைப் புள்ளிகள் இரண்டும் நின்றுவிட்டன. ரயில்வே கேட்.

குத்தாலிங்கத்துக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. கேட் பூட்டியிருக்கிறது, ரயில் போனதும் வண்டி வந்துவிடும் என்றார்.

"அதுக்குள்ள போயிருவான் சார். நான் இறங்குதேன்."

சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வரைபடத்தில் எதுவும் நகரவில்லை, பாடத்தில் படித்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. குத்தாலிங்கம் வாயில் வந்ததைக் கேட்டார்.

"மாடசாமி, உங்க அண்ணன் கொறட்டை விடுவானா?"

"என்ன சார் கேக்குதீங்க?"

"கேட்டுச் சொல்லுலே. அவன்கிட்டயே கேளு."

சற்று நேரம் காற்றுச் சத்தம். அவன் கிணற்றை நோக்கிக் கத்துவது கேட்டது.  அவன் இறங்கிவிட்டானோ என்று குத்தாலிங்கம் பயந்தார். பிறகு குரல் திரும்பி வந்தது, அழுகையும் சிரிப்புமாக.

"நாந்தான் விடுவேனாம் சார். அவனுக்கு ராத்திரி தூக்கமே கெடையாதாம்."

"அவன் சொல்லுதது சரியா தப்பா?"

"தப்பு சார். அவன்தான்."

"அதை அவன்கிட்டச் சொல்லு."

அண்ணனும் தம்பியும் கிணற்றுக்கு உள்ளேயும் வெளியேயும் குறட்டைச் சண்டை போட்டார்கள். குத்தாலிங்கம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டார். வீட்டில் யார் பேச்சு எடுபடும், யார் அதிகம் சாப்பிடுவான், எந்த மாடு யாருக்கு அடங்கும் என்று என்னென்னவோ கேட்டார். கேட் எப்போது திறந்தது என்றுகூட அவர் கவனிக்கவில்லை. காதுக்குள் சைரன் கேட்டபோதுதான் திரையைப் பார்த்தார். பச்சை சிவப்பைத் தொட்டிருந்தது.

"வந்துட்டாங்க" என்று கத்தினான் மாடசாமி. காலடிச் சத்தம். யாரோ மண்ணைத் தடுக்கப் பலகையை இறக்கச் சொல்கிற குரல். அவ்வளவுதான், இணைப்பு போய்விட்டது.

குத்தாலிங்கம் காதிலிருந்த கருவியைக் கழற்றவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். பின்னால் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.  வெகு நேரம் கழித்துத் திரையில் களத்திலிருந்து செய்தி விழுந்தது. ஒருவர் உயிருடன் மீட்பு. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் நாற்காலியின் நினைப்பு வந்தது.

"மேடம், பேசுனதுல பாதி உளறல். பாடத்துல உள்ளது எதுவுமே பேசலயே. ஸ்டோர் ரூம்தானா எனக்கு?"

நிலோஃபர் திரையின் மூலையிலிருந்து கையை எடுத்தாள். அங்கே எண் எதுவும் இல்லை. மற்றவர்கள் எல்லாவற்றையும் எடுத்து முடித்திருந்தார்கள்.

"போனை யாரு வச்சா, அண்ணாச்சி?"

"அந்தத் தம்பிதான். ஒரு வார்த்தைகூடச் சொல்லாம ஓடிட்டான்."

மணி அடித்தது.

"எடுங்க" என்றாள் நிலோஃபர்.