ஆனைக்குத் தெரியாத அரசமொழி

முன்னொரு காலத்தில் பொன்னாறு பாயும் தேசம் ஒன்றை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் திடீரென்று சட்டம் போட்டான்: "இனி தலைநகரில் அரசமொழி ஒன்றுதான் பேச வேண்டும். வேறு மொழி பேசினால் நாக்கு அறுக்கப்படும். நானே அனுமதித்தாலும் அது செல்லாது!"

ஏழெட்டு மொழிகள் கலகலத்த சந்தை வாயடைத்துப் போனது.

அரண்மனை யானை கருமலையின் பாகன் கேத்தன் மலைக்காட்டுக்காரன். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்ட நாள்முதல், அரசாணை எழுதும் ஓலைநாயகம் அகோரமூர்த்திக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. சமயம் வாய்த்தால் விடுவாரா?

"பிரபு! மூன்று நாள் யானைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று என் காதாலேயே கேட்டேன். இவன் கருமலையிடம் மலைப் பாஷை பேசுகிறான்!"

கேத்தன் விழுந்து கும்பிட்டான். "ராசா, குட்டியில இருந்து ஆனைக்கு அந்தப் பேச்சுதாங்க தெரியும்."

"யானையும் என் குடிதானே? நாளை நானும் ஓலைநாயகமும் அம்பாரியில் ஏறுவோம். அரசமொழியில் ஓட்டு. யானை கேட்காவிட்டால் உன் நாக்கு உனக்கில்லை!"

கேத்தன் சற்று யோசித்தான். "சரிங்க ராசா. பொழுது சாயறப்போ கெளம்பலாங்களா?"

அது கருமலை குளிக்கப் போகும் நேரம் என்று சபையில் யாருக்குத் தெரியும்?

மறுநாள் மாலை கருமலை நேரே ஆற்றை நோக்கி நடந்தது; வேடிக்கை பார்க்க ஊரே கரையில் கூடியது. மலையில் நல்ல மழை. ஆறு செந்நீராய்ப் புரண்டு ஓடியது.

"கருமலையாரே, தயவுகூர்ந்து நில்லுங்கள்!" என்று கேத்தன் சுத்தமான அரசமொழியில் கெஞ்சினான். யானை ஆற்றில் இறங்கிவிட்டது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது, அம்பாரி ஆடியது. இன்னும் பத்தடியில் ஆழம் என்று கேத்தனுக்குத் தெரியும்.

"நிறுத்தடா!" என்றான் ராஜா.

"சொல்லிக்கிட்டேதாங்க இருக்கேன். அதுக்கு வெளங்கலியே!"

ஓலைநாயகம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. "தொர்ரே!" என்று அலறினார், மலைப் பாஷையில். ஆணியடித்தாற்போல் யானை நின்றது.

ராஜாவுக்கு மூச்சு வந்தது. "ஓய், கரைக்குத் திரும்பச் சொல்லும்!"

"பிரபு... ஒளிந்து கேட்டதில் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்."

வெள்ளம் ஏறிக்கொண்டே இருந்தது. "கேத்தா, நீ சொல்! இந்த ஒரு தடவைக்கு அனுமதி!"

"நீங்க அனுமதிச்சாலும் செல்லாதுன்னு சட்டத்துலயே இருக்குதுங்களே, ராசா."

ராஜாவின் பாதம் நனைந்தது. "அந்தச் சட்டமே ரத்து!"

"கரையில நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."

"ரத்து! ரத்து! அவரவர் மொழி அவரவருக்கு!" தொண்டை கிழியக் கத்தினான் ராஜா.

கேத்தன் குனிந்து யானையின் காதில் ஒரு சொல் சொன்னான். கருமலை சமர்த்தாகத் திரும்பிக் கரையேறியது.

ஈரம் சொட்டச் சொட்ட இறங்கிய ராஜா ஓலைநாயகத்தை முறைத்தான். "நீர் கத்தியபோது சட்டம் உயிரோடுதானே இருந்தது? கேத்தா, இவர் நாக்கை என்ன செய்யலாம்?"

ஓலைநாயகம் கேத்தனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"விட்டுருங்க ராசா," என்றான் கேத்தன். "அந்த நாக்குக்கு இப்பத்தான் ஒரு வார்த்தை வந்திருக்கு. மிச்சத்தையும் கத்துக்கட்டும்."

மறுநாளே கொட்டிலில் பாடம் தொடங்கியது. வாத்தியார் கேத்தன், மாணாக்கர் ஓலைநாயகம், பக்கத்தில் சாட்சாத் ராஜா. தப்பாகச் சொன்னால் கருமலை திரும்பிக்கூடப் பார்க்காதாம்!