மேட்டுநாட்டு உப்பு

ஆற்றுக்கு இரண்டு கரையிலும் ஐந்து நாடுகள் ஒரே கூட்டரசாக இருந்தன. அவற்றில் இக்கரையில் இருந்த மேட்டுநாட்டின் ராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. பிரிவதா வேண்டாமா என்று ஊர் ஊராகக் குடம் வைத்து ஓலை போடச் சொன்னார். 'பிரியலாம்' என்ற ஓலைகள்தான் கூடுதலாக விழுந்தன. மறுநாள் காலையிலேயே ஆற்றுப் பாலத்தை அடைத்துவிட்டார்கள்.

ராஜா அரண்மனை வாசலில் ஊருக்கே விருந்து வைத்தார். "நம் மண்ணில் விளைந்ததைத் தவிர ஒரு துரும்பும் இலையில் விழக் கூடாது" என்று உத்தரவும் போட்டார்.

இலை போட்டதும் முதலில் உப்பு வைப்பதுதான் வழக்கம். உள்ளே ராஜாவின் இலையில் அந்த மூலை காலியாக இருந்தது. அவர் சமையல்காரி சடைச்சியைக் கூப்பிட்டுக் கத்தினார். "உப்பு எங்கே?"

"உப்பளமெல்லாம் அக்கரையில இருக்கு, மகாராசா."

"எனக்குத் தெரியாது! அடுத்த பந்திக்குள் நம் நாட்டு உப்பைக் காட்டு. இல்லையென்றால் உன் தலை இருக்காது."

"இப்பவே காட்டுறேன், வாங்க" என்று சடைச்சி அவரை வாசல் பந்திக்கு அழைத்துப் போனாள்.

அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணீர் சோற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரிய வேண்டாமென்று ஓலை போட்ட கூட்டமா?" என்று ராஜா முறைத்தார்.

"இல்லைங்க, பிரியலாம்னு போட்டவங்கதான். பொண்ணுங்களை அக்கரையில கட்டிக்கொடுத்தது, பாலத்தை அடைச்சப்புறம்தான் இவங்களுக்கு உறைச்சிருக்கு. நீங்க கேட்ட நம்ம நாட்டு உப்பு இதுதான், மகாராசா. இதுக்கு இனிமே பஞ்சமே வராது."