மூன்று அலகு, இரண்டு அலகு

டக், டக், டக்.

மூன்று முறை கேட்டால் அப்பா ஆட்டுக்குக் குளம்பு சீவி முடித்துவிட்டார். இரண்டோடு நின்றால் ஏதோ ஓர் ஆடு செத்து, அதன் தோலை உரித்திருக்கிறார். அப்பாவிடம் இரண்டு மடக்குக் கத்திகள், ஒன்றில் மூன்று அலகு, மற்றதில் இரண்டு. எந்த வேலைக்கும் ஓர் அலகைத்தான் திறப்பார். முடிந்ததும் எல்லா அலகையும் திறந்து துடைத்து, ஒவ்வொன்றாக மடக்குவார். ஆட்டுக் கிடைக்குள் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் அண்ணனும் தம்பியும் அந்தச் சத்தத்தை வைத்தே, கண்ணைத் திறக்காமல், விடிந்ததும் என்ன சேதி என்று சொல்லிவிடுவார்கள்.

ஐம்பது வருடம் கழித்து, அந்த இரண்டு மடக்குக் கத்திகளையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் மாயழகு கண்மாய்க்கரை மடத்துக்கு வந்தார். தாலுகா ஆபீஸ் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தை நடத்தும் துறவித் தாயிடம் மூன்று வருடமாகப் பாடம் கேட்கிறார். அவளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

தாய் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"தாயி, ஒரு முடிவு சொல்லணும். அப்பா விட்டுட்டுப் போன கத்தி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு தம்பிக்கு. அவனுக்கு எதைக் கொடுக்கிறதுன்னு தெரியல."

"தம்பி என்ன செய்றாரு?"

"ஆடுதான். அப்பாவோட கிடையை அவன்தான் பாக்கிறான்."

"எது வேணும்னு அவருகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். எதுன்னாலும் சரிண்ணே, ஒண்ணு குடுன்னான்."

"எப்போ?"

மாயழகு டப்பாவின் மூடியை அழுத்திப் பார்த்தார். "அப்பாவோட கருமாதி அன்னிக்கு."

"அது எப்போ?"

"பதினோரு வருசம் ஆச்சு."

தாய் அடுத்த கட்டுக்குக் கீரை அள்ளினாள்.

"சும்மா இருந்துடல தாயி. இந்தா, பாருங்க." அவர் கத்திகளை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தார். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அவர்கள் பக்கத்தில் யாரும் கையில் கொடுப்பதில்லை. கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். "இதுல மூணு அலகு. நீளமானது பொது வேலைக்கு. மொட்டை முனை குளம்பு சீவ, ஆடு உதறினாலும் குத்தாது. குட்டை அலகு கிடாய்க்குக் காயடிக்க. இன்னொண்ணுல ரெண்டே அலகு, தோல் உரிக்க. ஆடு வச்சிருக்கிறவனுக்கு மூணுதான் தோது. ஆனா எனக்கு அப்பா முதன்முதலா திறந்து காட்டுனது அதைத்தான். சரி, ரெண்டைக் கொடுக்கலாம்னா, அது கடைசிவரைக்கும் அவரு மடியில இருந்த கத்தி. நான் எப்படிக் கொடுப்பேன்?"

"துருவே இல்லையே அண்ணாச்சி."

"மாசாமாசம் தேங்காண்ணெய் போடுறேன்ல." அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது.

"இதை வச்சு இதுவரைக்கும் என்ன அறுத்தீங்க?"

"பென்சில் சீவியிருக்கேன்."

தாய் கீரைக்கட்டை வாழைநாரால் சுற்றி, முடிச்சுப் போட்டு, மிச்ச நாரை அவர் பக்கம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் அறுத்து விடுங்க."

மாயழகு மூன்று அலகுக் கத்தியை எடுத்தார். ஈரநார். மொட்டை முனை போதும். இல்லை, நீள அலகுதான் வழுக்காது. நகத்தால் நீள அலகை நெம்பினார். பாதியில் நிறுத்தி, இரண்டு அலகுக் கத்தியைப் பார்த்தார்.

அதற்குள் அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கட்டைக் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

மாயழகு எழுந்தார். இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு அப்படியே தம்பி ஊருக்குப் பஸ் ஏறினார்.

தம்பி காத்தமுத்து வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடை இல்லை. பழைய பட்டி அடைத்த இடத்தில் ஆமணக்கு முளைத்திருந்தது. அவன் வலது கை நெஞ்சின் மேல் மடங்கிக் கிடந்தது. வாதம் அடித்து எட்டு மாதம் ஆகிறதாம். யாரும் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தலைமாட்டில், முறத்துக்குள், ஒரு ரம்பத் துண்டு இருந்தது. கல்லில் தேய்த்துக் கூராக்கி, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது.

"இது என்னடா?"

"என் கத்திண்ணே. குளம்புக்கும் அதுதான், காயடிக்கவும் அதுதான். ரெண்டு கிடாய் சீப்பிடிச்சுச் செத்துப்போச்சு. மத்தபடி குறை சொல்ல முடியாது."

மாயழகு கத்திகளைக் கட்டிலருகில் தரையில் வைத்தார். காத்தமுத்து எட்டிப் பார்த்தான். குனிய முடியவில்லை. அவர் அவற்றை எடுத்து அவன் இடது கையருகில் கொண்டுபோனார்.

"கையில கொடுக்காதண்ணே, சண்டை வந்துடும்."

"இதுக்கு மேலயாடா?"

காத்தமுத்து சிரித்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று. மூன்று அலகுக் கத்தியை வாங்கிப் பார்த்தான். ஒரு கையால் மடக்குக் கத்தியைத் திறக்க முடியாது. நெஞ்சோடு அழுத்திப் பார்த்தான், பல்லால் நெம்பிப் பார்த்தான். மாயழகு வாங்கி, ஒவ்வோர் அலகாகத் திறந்து காட்டினார். இரண்டு அலகுக் கத்தியையும் திறந்தார். ஐந்து அலகும் வெயிலில் மின்னின.

"எதுடா வேணும் உனக்கு?"

"எதுன்னாலும் சரிண்ணே."

அவர் ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்து சத்தம். தம்பி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மடத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"எதுன்னு கடைசிவரைக்கும் என்னால முடிவு பண்ண முடியல தாயி. ரெண்டையும் அவன் தலைமாட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். இப்பவாவது சரியாச் செஞ்சேனா?"

தாய் நாரைத் தண்ணீரில் நனைத்தாள்.

"எதைக் கொடுத்திருந்தாலும் சரிதான் அண்ணாச்சி. அவருதான் அன்னிக்கே சொல்லிட்டாரே."



அந்த ஐப்பசியில் காத்தமுத்து இறந்தான்.