மஞ்சள் வாலை விரட்டிய மேல்மடு

ஒரு காட்டாறு வற்றி வற்றி இரண்டே மடுக்களாகச் சுருங்கிவிட்டது. மேல் மடுவில் இருபது கெண்டை மீன்கள் இருந்தன. இருபதுக்கும் சிவந்த வால். இருபதும் ஒரே தாய் வழியில் வந்தவை. அதில் அவற்றுக்கு அப்படியொரு கர்வம்!

அங்கே செவ்வாலி என்றொரு பெண் கெண்டை. முதல் வருஷம் அவள் குஞ்சுகள் முதுகு வளைந்து பிறந்து செத்தன. அடுத்த வருஷம் பாதி முட்டை பொரியவே இல்லை. இந்த வருஷம் அத்தனையும் பூஞ்சை பிடித்து வெளுத்துப்போயின. ஒரு குஞ்சாவது பிழைக்காதா என்று தவித்தாள், பாவம்.

"ஆமையக்கா, நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கரையோரம் வந்த ஆமையிடம் அழுதாள்.

"பாவமுமில்லை, சாபமுமில்லையடி! சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டால் பிள்ளைகளுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? கீழ் மடுவில் வேறு வம்சத்துக் கெண்டைகள் இருக்கின்றன. பெருமழை பெய்தால் ஒருநாள் இரண்டு மடுவும் சேரும். அன்றைக்கு அவர்களை உள்ளே விடுங்கள்!"

மழை வந்தது. கீழ் மடுக் கெண்டைகள் எதிர்நீச்சல் போட்டு, மூச்சு வாங்க வந்து நின்றன. பெரிய கெண்டையான துடுப்பன் வழியை மறித்தான்.

"வால் ஏன் மஞ்சளாயிருக்கிறது? எங்கள் வம்சத்தில் கலப்படமா? போங்கள், போங்கள்!"

"அண்ணே, விடுங்களேன்! என் குஞ்சுகள் பிழைக்கட்டுமே!" என்று செவ்வாலி கெஞ்சினாள்.

கேட்டானா அந்த மண்டைக்கனம் பிடித்தவன்? மற்றவையும் அவனோடு சேர்ந்துகொண்டு, வந்தவர்களைக் கடித்து விரட்டின. மறுநாள் வெள்ளம் வடிந்தது. வழியும் அடைபட்டது.

அதன்பின் இரண்டு வருஷம் மழையே இல்லை. மேல் மடுவில் ஏதோ நோய் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி உடம்பு. ஒன்றைத் தின்ற நோய் எல்லாவற்றையும் தின்றது. மிஞ்சியது செவ்வாலியும் துடுப்பனும்தான். துடுப்பன் பதறிக்கொண்டு ஆமையிடம் போனான்.

"ஆமையக்கா! கீழ் மடுக்காரர்களைக் கூப்பிடுங்கள்! மஞ்சளோ பச்சையோ, யாராவது வரட்டும்!"

"கீழ் மடுவா? அங்கே தண்ணீர் போய்ப் பத்து மாதமாகிறது. கொக்கு தின்றது போக மிச்சம் சேற்றோடு காய்ந்துபோயிற்று. இப்போது அங்கே மாடு படுத்திருக்கிறது" என்றாள் ஆமை.

செவ்வாலி துடுப்பனைப் பார்த்தாள். "என் வயிறு நிறைய முட்டை இருக்கிறது, அண்ணே. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

துடுப்பன், தான் அன்று மறித்து நின்ற வழிக்கு நீந்திப் போய், அடைபட்ட மண்ணை முட்டினான்.

தன்னைப் போல் இல்லாதவரை வாசலிலேயே விரட்டும் குலம், தன் பிள்ளைகள் பிழைக்கும் வழியையே விரட்டிவிடுகிறது.