மண்காளையின் கழுத்து மணி

அருங்காட்சியகக் காப்பாளர் ஆராவமுதனுக்கு அடுத்த வருடம் ஓய்வு. அவருக்கு ஒரு குரு வாய்த்தது அந்த வயதில்தான். பெயர் நஸ்ரின், வயது இருபத்தாறு. ஒரு பொருளைச் சுற்றிலும் ஒளியைப் பாய்ச்சி, அதன் வடிவத்தை அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் ஸ்கேனரை இயக்கக் கற்றுத்தர வந்திருந்த பெண். "என்னை சிஷ்யனா ஏத்துக்கணும் மேடம்" என்று முதல் நாளே கைகூப்பிவிட்டார் மனிதர். அவள்தான் கூச்சத்தில் நெளிந்தாள்.

கடைசிப் பாடம், ஒரு சுடுமண் காளை. உள்ளங்கையில் அடங்கிவிடும். தொட்டால் பொடி உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பெட்டியில் வைத்து மூடினால் பிறகு திறப்பதற்கில்லை. இனி ஊருலகம் பார்க்கப்போவது ஆராவமுதனின் ஸ்கேனில் இருக்கும் காளையைத்தான். அதை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"இதை நீங்களே தனியா எடுங்க சார். முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நஸ்ரின் போய்விட்டாள்.

மதியம் கூப்பிட்டார். திரையில் காளை சுழன்றது. நேற்றுச் செய்ததுபோல் வழவழவென்று இருந்தது.

"வயித்துல ஒரு பள்ளம் இருந்தது, கம்ப்யூட்டர்லயே நிரவிட்டேன் மேடம். முக்கியமான விஷயம் வேற. கழுத்தைப் பாருங்க."

கழுத்தில் சின்னதாக ஓர் உருண்டை.

"மணி" என்றார். "இத்தனை வருஷமா இந்தக் காளையோட குடித்தனம் பண்றேன், என் கண்ணுல படவே இல்ல. மெஷின் ஒரே நாள்ல காட்டிடுச்சு. கட்டுரைகூட எழுதிட்டேன்."

நஸ்ரின் உருண்டையைப் பெரிதாக்கினாள்.

"மணிக்கு நகம் இருக்கே சார்."

ஆராவமுதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நகம்தான். அரைகுறையாக வெட்டிய, அவருடைய நகம்.

"ஸ்கேனர் தட்டு சுத்தும்போது காளை ஆடுச்சு. லேசாப் பிடிச்சுக்கிட்டேன்."

"கையுறை?"

"வழுக்குச்சு." பிறகு மெதுவாகச் சொன்னார். "ஸ்கேன்ல தெரிஞ்ச கையையெல்லாம் அழிச்சிட்டேனே மேடம்."

"கட்டைவிரல் நுனி தங்கிடுச்சு."

ஆராவமுதனுக்கு முகம் சுண்டிவிட்டது. மேசைமேல் கிடந்த கட்டுரையின்மேல் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்.

"சரி, வயித்துல நிரவினது என்ன?"

"அது குறை மேடம். மண்ணு உள்ள அமுங்கியிருந்தது."

நஸ்ரின், நிரவுவதற்கு முன்பு பதிவானதைத் திறந்தாள். பள்ளத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். திரை முழுக்க மெல்லிய கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து நின்றன.

ஆராவமுதன் அந்தக் கோடுகளைப் பார்த்தார். தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மண் ஈரமாக இருந்தபோது யாரோ அழுத்திய விரல்.

நஸ்ரின் அவர் செய்த வழவழப்பான காளையைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"இதையே வெளியிட்டுடலாமா சார்? செஞ்சவர் பேர் தெரியலைன்னுதானே இத்தனை வருஷமா அட்டையில எழுதி வெச்சிருக்கீங்க. இனிமே உங்க பேரைப் போட்டுடறேன்."